செல்வி வழியாகச் சொன்னது

– ஒண்ண அமுக்குங்கன்னுச்சு, அமுக்குனேன். ரெண்ட அமுக்குங்கன்னுச்சு, அமுக்குனேன். பொறவு பாட்டு போட்டுட்டு செல்வி. பதினோரு நிமிசம் பாட்டு. லாரிக்காரன்லாம் சுத்தி நின்னுட்டு, யார்டு மேனேஜர் வேல நேரத்துல வயலின் கேக்காருன்னு பாக்கான்.

– அது புது மிசின் பொன்னுதுரை சார். நா கால ஒடிச்சுட்டு வீட்டுல கெடக்கேன்லா, ஆபீஸ்ல போன் எடுக்க ஆளில்லன்னு எம்டி வாங்கி வச்சிருக்காவ. நீங்க மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுல என் கால் இருக்கு.

– கட்டு எப்பப் பிரிக்காவ?

– இன்னும் மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லுதாரு. ஸ்கூட்டர்ல வரும்போது நாய் குறுக்க வந்துட்டு சார். அது நல்லா இருக்கு. நேத்துக்கூட வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

– மூணு வாரமா. அதுக்குள்ள எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாவ. செல்வி, இப்ப நீ அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடணும். அதுக்குத்தான் யார்ட அப்படியே போட்டுட்டு, ஜீப்ப எடுத்துட்டு மாப்பிள்ளையூரணிக்கு வந்திருக்கேன்.

– எந்த அம்மாவுக்கு சார்?

– தெரியாதமாரி கேக்காத. டாக்குமென்ட் செக்சன் அம்மா. அனுசியா.

– அவிய நம்பர் உங்க போன்லயே இருக்கும்லா.

– இருக்கு. அமுக்குனது கெடையாது. ஒம்பது வருசமா நா அந்த அம்மாட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல, அவியளும் எங்கிட்ட பேசுனதில்ல. நா யார்டுல இருந்து உங்கிட்ட சொல்லுவேன், நீ ஆபீஸ்ல அவியட்ட சொல்லுவ. அவிய சொல்லுதத எங்கிட்ட சொல்லுவ. எல்லாம் நல்லாத்தான் போய்ட்டு இருந்துச்சு. நீ விழுந்த அன்னைக்கு எல்லாம் விழுந்துட்டு, கேட்டியா.

– அப்படி என்ன ஆச்சு?

– என்னத்த ஆகல. போன வாரத்துக்கு முந்துன வாரம் உப்பு ஏத்துன கன்டெய்னர் கப்பல விட்டுட்டு. போன வாரம் கயிறு. இன்னைக்குப் பூ.

– என்ன பூ சார்?

– காஞ்ச பூ. சாயம் முக்கி, வாசன தடவி ஹாலந்துக்குப் போகுது. புதுக்கோட்டைல நூறு பொம்பளைங்க ரெண்டு மாசமா ஒக்காந்து காய வச்சது. நேத்து கஸ்டம்ஸ்ல பெட்டியத் தொறந்து பாத்தாவ. தொறந்தா கதவுல இருக்க பழைய சீல ஒடச்சுட்டுப் புது சீல் போடணும்லா, போட்டாச்சு. ஆனா அந்த அம்மா குடுத்த பேப்பர்ல பழைய சீல் நம்பரே இருக்கு. பெட்டில ஒரு நம்பரு, பேப்பர்ல ஒரு நம்பரு. துறைமுகம் கேட்டுல எவன் உள்ள விடுவான்? காலைலேர்ந்து லாரி வெயில்ல நிக்கி. அஞ்சு மணிக்குள்ள உள்ள போகலன்னா கப்பல் போயிரும். இப்ப மணி மூணே கால்.

– எம்டிக்குத் தெரியுமா?

– தெரிஞ்சுதான் காலைல என்னக் கூப்பிட்டாரு. இந்தப் பெட்டியும் போகலன்னா ரெண்டு செக்சனையும் ஒண்ணாக்கிருவாராம். ரெண்டுக்கும் சேத்து ஒரு மேனேஜர் போதுமாம். அப்படின்னா என்ன அர்த்தம்? எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரு வீட்டுக்கு. எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஆகுது செல்வி. இனிமே எவன் என்ன வேலைக்கு எடுப்பான்?

– சரி சரி, கலங்காதீங்க. போன அங்கன டிவிக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், எடுத்துத் தாங்க. இருங்க. வெளிய ஆட்டோச் சத்தம். யாரோ எறங்குதாவ. போன் வேண்டாம் சார்.

– ஏன், யாரு?

– அனுசியா மேடமே வாராவ.

– செல்வி, பின்வாசல் உண்டா?

– உண்டு சார். அங்கன கோழி அடச்சிருக்கு.

– பரவால்ல.

– அடக்கோழி சார். கொத்தும்.

– செல்வி, உள்ள வரலாமா? கால் எப்படி இருக்கு? நான் ரெண்டு காரியத்துக்கு வந்தேன். முதலாவது, உன்னப் பாக்க. ரெண்டாவது, அந்த யார்டு மனுசனுக்கு நீ உடனே ஒரு போன் பண்ணி...

– வாங்க மேடம். யார்டு மனுசர் இங்கனதான் இருக்காவ. உங்களுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம்.

– ஓ. அப்ப நான் பிறகு வரேன்.

– மணி மூணு இருவது மேடம்.

– சரி. உக்காந்துக்கறேன். உனக்காக உக்கார்றேன், வேற யாருக்காகவும் இல்ல. ஆட்டோவையும் அனுப்பிட்டேன். செல்வி, அவர்ட்ட சொல்லு. முதலாவது, சீல் மாத்தினா டாக்குமென்ட் செக்சனுக்கு எழுத்துல தெரிவிக்கணும். அது ரூல். ரெண்டாவது, எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளையாவது யார்டுல வேலைக்கு வைக்கணும்.

– சொல்லிருதேன் மேடம். சார், உங்களுக்கு யார்டுல வேல கூடிட்டுன்னு மேடம் வருத்தப்படுதாவ. எழுத்து வேலைக்குத் தொணையா ஒரு ஆள் போட்டா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு சொல்லுதாவ.

– செல்வி.

– சார்.

– அந்த அம்மா சொன்னது எங்காதுலயும் விழுந்துச்சு. மூணடி தள்ளித்தான உக்காந்திருக்கேன்.

– பழகிப் போச்சு சார்.

– சரி, இப்ப நீ அவியட்ட சொல்லு. எழுத்துல தெரிவிச்சாச்சு. நேத்து நாலு மணிக்கே சீட்டு போயிட்டு. அதப் பாக்க கண்ணு வேணும். கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரில போயி காட்டச் சொல்லு.

– மேடம், நேத்தே சீட்டு அனுப்பிட்டாவளாம். உங்களுக்கு இருக்க வேலப் பளுவுல கண்ணுல படாமப் போயிருக்கும்னு சார் சொல்லுதாவ. ராத்திரி பகலா கம்ப்யூட்டர் பாக்கிய, கண்ணையும் கொஞ்சம் பாத்துக்கிடணுமாம்.

– ஒரு நிமிசம் செல்வி. இப்ப நீ என்ன பண்ணின?

– சார் சொன்னதச் சொன்னேன் மேடம்.

– அவர் சொன்னது அது இல்ல.

– கருத்து அதுதான் மேடம்.

– ஒன்பது வருசமா இப்படித்தான் சொல்லிட்டு இருந்தியா?

– எல்லா நாளும் இல்ல மேடம். ஞாயித்துக்கெழம லீவுலா.

– ஏளா செல்வி, இங்கன திரும்பு. எம் பொண்டாட்டிக்கு ஆபரேசன் நடந்துச்சே, அப்ப டாக்குமென்ட் அம்மா திருச்செந்தூர்ல அர்ச்சன பண்ணுனாவன்னு எங்கிட்ட சொன்னியே?

– நானா? செல்வி, அவர் மனைவிக்கு ஆபரேசன்னே எனக்குத் தெரியாது.

– கேட்டியா. கேட்டியா இத. நா சர்ச்சுல சாட்சி சொன்னேன் செல்வி. நாசரேத்துல சபைக்கு முன்னால மைக்கப் பிடிச்சுட்டு, எங்கூட வேல பாக்க ஒரு இந்துச் சகோதரி எங் குடும்பத்துக்காக மன்றாடுனாவன்னு கண்ணீரோட சொன்னேன். சர்ச்சு அய்யரு என்னத் தட்டிக் குடுத்தாரு.

– அது பொய் இல்ல சார். அர்ச்சன நடந்துச்சு. மேடம் சொல்லி விட்டமாரி நெனச்சுட்டு நானே போயி பண்ணுனேன். உங்க வீட்டம்மா நட்சத்திரம் தெரியல, சாமி பேருக்கே பண்ணுங்கன்னு சொல்லிட்டேன்.

– அவளுக்கு ஏது நட்சத்திரம். ஞானஸ்நானம்தான் உண்டு.

– சொகமாயிட்டாவல்லா சார்.

– ஆயிட்டா. ஆயிட்டா. அது வேற.

– இரு செல்வி, இப்ப எனக்கு ஒரு சந்தேகம். என் பொண்ணு பன்னெண்டாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தப்ப யார்டுல இருந்து ஒரு மக்ரூன் டப்பா வந்துச்சு. மேனேஜர் சார் தன் கையால வாங்கிக் குடுத்தாருன்னு சொன்ன. அது?

– அது வந்து மேடம், சாருக்கு யாரோ லாரி ஓனர் குடுத்தது. சாருக்கு சுகர். வீணாப் போக வேண்டாம்னு எடம் மாத்தி வச்சேன்.

– ஏளா, எனக்கு வந்த மக்ரூனா அது? வாச்மேன் தின்னுட்டாருன்னுல்லா சொன்ன. அந்த மனுசன நா ஒரு மாசம் மொறச்சுட்டுத் திரிஞ்சேன்.

– நான் அந்த டப்பாவ வீட்டுல காட்டி, பாத்தீங்களா, எப்படிப்பட்ட கல்லுக்குள்ளயும் ஈரம் இருக்கத்தான் செய்யும்னு சொன்னேன் செல்வி. அதுக்கப்புறம் ரெண்டு மாசம், வர பேப்பர்ல யார்டு பேப்பரத்தான் முதல்ல முடிச்சுக் குடுத்தேன்.

– நானும்தான். அர்ச்சனைக்குப் பொறவு அந்த அம்மா கேட்ட பெட்டி எங்க அடியில கெடந்தாலும் மேல கெடக்க நாலு பெட்டிய நவுத்தி மொதல்ல எடுத்துக் குடுத்தேன். கிரேன்காரன் பைத்தியமான்னு கேட்டான்.

– அதத்தான சார் நானும் சொல்லுதேன். நீங்க சொன்னத சொன்னமாரியே இங்கயும் அங்கயும் குடுத்திருந்தா ரெண்டு பேரும் இந்தக் கம்பெனில ஒரு வருசம் இருந்திருக்க மாட்டிய. இப்ப மூணு வாரமா மிசின் குடுக்கு. ஒரு எழுத்து மாத்தாமக் குடுக்கு. என்னாச்சு பாத்தியளா? உப்பு போச்சு, கயிறு போச்சு.

– செல்வி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அப்ப ஒன்பது வருசமா நான் யார்கூட வேலை பாத்தேன்?

– ஆமா, எனக்கும் அதே கேள்விதான். மூஞ்சி மட்டும்தான் சிடுசிடுப்பு, மனசு தங்கம்னுல்லா இருந்தேன்.

– யாருக்கு மூஞ்சி சிடுசிடுப்பு? செல்வி, கேளு அவர.

– சார், மேடம் இன்னைக்கு ரொம்ப லட்சணமா இருக்காவன்னு...

– நிறுத்து செல்வி.

– நிப்பாட்டிட்டேன் மேடம். மணி மூணே முக்காலு. ரெண்டு பேருக்கும் வேல இருக்கணுமா வேண்டாமா? மேடம், பையில என்ன, பூ ஃபைலா?

– ஆமா. எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் வந்தேன். இதோ, நேத்து யார்டுல இருந்து வந்த சீட்டு. கஸ்டம்ஸ் பாத்தாச்சுன்னு முத்திர இருக்கு. ஒரு எண்ணெய்க் கறை இருக்கு, அது வடை எண்ணெய். புது சீல் நம்பர் மட்டும் இல்ல.

– திருப்பிப் பாக்கச் சொல்லு செல்வி.

– என்ன?

– அந்தப் பேப்பரத் திருப்பிப் பாக்கச் சொல்லு. பின்னால எழுதியிருக்கேன்.

– பின்னாலயா? ஒரு சீட்டோட பின்பக்கத்துல யாராவது சீல் நம்பர் எழுதுவாங்களா?

– முன்னால எடமில்ல. வட இருந்துச்சு.

– திருப்புங்க மேடம். இருக்கா?

– இருக்கு. பென்சில்ல. கடவுளே. நேத்து நாலு மணியில இருந்து இது என் மேசையிலதான் இருந்துருக்கு.

– பாத்தியா. நா சொன்னேன்லா.

– செல்வி, கடைசி நம்பர் ஒண்ணா, ஏழா? கேட்டுச் சொல்லு.

– சார், ஒண்ணா ஏழா?

– எங்க காட்டு. ஏழு. நா ஏழு இப்படித்தான் எழுதுவேன்.

– இதுக்கு முந்தி இருக்கறதும் இதே மாதிரிதான் இருக்கு. அதுவும் ஏழா?

– அது ஒண்ணு.

– ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

– எழுதும்போது மனசுல உண்டு.

– கேட்டுக்கிட்டியளா மேடம். நீங்க ரெண்டு பேரும் இப்ப நேருக்கு நேராப் பேசிட்டு இருக்கிய.

– நான் பேப்பரப் பாத்துப் பேசறேன் செல்வி. சரி, போன் பண்றேன். ஹலோ, ஞானதீபம், நான்தான். பூ கன்டெய்னர் ஃபைல கம்ப்யூட்டர்ல திற. சீல் நம்பர திருத்தணும், எழுதிக்க. கடைசில ஒண்ணு ஏழு. இல்லம்மா, ரெண்டு ஏழு இல்ல, ஒண்ணு, பிறகு ஏழு. திருத்தி முடிச்சு பிரிண்ட் எடுத்து ரோட்டுக்கு வந்து நில்லு, நான் வந்து வாங்கிக்கறேன். ஆமா, சீல் மாத்தினதுக்கு ஒரு லெட்டரும் வேணும், அதுல ரெண்டு மேனேஜர் கையெழுத்துக்கும் இடம் விடு. என்னது? ரெண்டு பேரும் நேர்ல வரணும்னு கேட்டுல கேக்கறாங்களா? உறுதியாத் தெரியுமா? சரி. வைக்கறேன்.

– என்ன மேடம்?

– திருத்தம் இருவது நிமிசத்துல ஆயிரும். ஆனா ரெண்டு மேனேஜரும் அடையாள அட்டையோட கேட்டுக்கு நேர்ல வந்து கையெழுத்து போட்டாத்தான் லாரி உள்ள போகுமாம்.

– அப்பச் சரி. சார் ஜீப் வாசல்ல நிக்கி. ரெண்டு பேரும் ஒண்ணாக் கெளம்புங்க.

– நான் ஆட்டோவுல வரேன்.

– இங்கன இந்நேரம் ஆட்டோ கெடைக்காது மேடம்.

– அப்ப வரல. செல்வி, வேலை போனாலும் போகட்டும், அந்த ஜீப்ல நான் ஏறமாட்டேன். கையெழுத்துப் போடறேன், நிப்பேன், எல்லாம் செய்வேன். ஆனா என்னக் கழுதன்னு சொன்ன மனுசனுக்குப் பக்கத்துல உக்கார மாட்டேன்.

– மேடம்.

– இவ்வளவு நாள் இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. இன்னைக்கு சொல்லிர்றேன். நான் மேனேஜர் ஆகி நாலாவது நாள். யார்டுல இருந்து போன். எடுத்து ஹலோன்னேன். இந்தப் பேப்பர் திங்கிற கழுதையக் கொண்டுபோயி உப்பளத்துல கட்டுங்கலேன்னு ஒரு சத்தம். பிறகு போன வச்சாச்சு. எதுத்தாப்பல பத்துப் பேர் வேலை பாத்துட்டு இருக்காங்க. நான் சிரிச்ச முகத்தோட எந்திரிச்சு பாத்ரூம்ல போயி, பைப்பத் தொறந்து விட்டு அழுதேன். அன்னைக்கு நினைச்சேன், இந்த மனுசன்ட்ட இனி ஒரு வார்த்த கிடையாதுன்னு.

– அது வந்து, செல்வி, அன்னைக்கு...

– சார், நீங்க சும்மா இருங்க. நா சொல்லிருதேன். மேடம், அது சார் இல்ல.

– என்ன சொல்ற?

– அது நா பண்ணுன தப்பு மேடம். நா அப்ப வேலைக்குச் சேந்து ரெண்டு நாளுதான். எந்தப் பட்டன அமுக்குனா எந்த லைன் போகும்னே தெரியாது. யார்டு வாச்மேன் ஆறுமுகநயினார் அண்ணாச்சி இருந்தாருல்லா, அவருதான் போன் பண்ணுனாரு. யார்டுக்குள்ள நெசமாவே ஒரு கழுத பூந்து லாரிக்காரன் பேப்பரத் தின்னுட்டு. அதப் பிடிச்சுக் கட்டச் சொல்லி அங்கன நின்ன ஆளுங்கள ஏசிட்டு இருந்தாரு. அந்த நேரம் பாத்து நா லைன உங்களுக்குப் போட்டுட்டேன்.

– குரல் இவர் குரல்.

– ரெண்டு பேரு தொண்டையும் ஒண்ணுபோலத்தான் மேடம் இருக்கும். நானே எத்தன நாள் சார்னு நெனச்சு அவருட்ட லீவு கேட்டிருக்கேன்.

– அந்த வாச்மேன இப்ப கேக்கலாமா?

– தவறிட்டாரு மேடம். நாலு வருசம் ஆச்சு.

– கழுத?

– அது இருக்கான்னு தெரியல மேடம். சார், நீங்க சொல்லுங்க, அந்த வருசம் யார்டுக்குக் கழுத வந்துச்சுல்லா?

– ம். அப்ப கழுத வரத்து கூடத்தான்.

– அப்ப ஒன்பது வருசம், ஒரு லைன் மாறிப் போனதுக்காக?

– ஆமா மேடம். சொல்லிரணும்னு பல நாள் நெனச்சேன். பயம். வேல போயிருமேன்னு. அதனாலதான் ரெண்டு பக்கமும் நல்ல வார்த்தையாச் சொல்லிச் சொல்லி ஒப்பேத்துனேன். மன்னிச்சிருங்க.

– இத நான் சும்மா விடறதா இல்ல செல்வி. உனக்கு மெமோ வரும்.

– வரட்டும் மேடம். இப்ப ஜீப்ல ஏறுங்க. மணி நாலு அடிக்கப் போகுது. சார், மெதுவாப் போங்க, ஆனா சீக்கிரம் போங்க.

*

– போயிட்டு மேடம். துறைமுகம் கேட்டத் தாண்டி அந்தா கிரேனுக்குக் கீழ போகுது பாருங்க, பச்சப் பெட்டி.

– பாத்தேன் சார். நாலு அம்பத்தொண்ணு. எழுதிக்கறேன்.

– ஒம்பது நிமிசம் மிச்சம். நல்லவேள, அந்த ஞானதீபம் ரோட்டுலயே வந்து நின்னுச்சு. எம்டிக்கு நீங்க சொல்லுதியளா, நா சொல்லட்டா?

– நீங்க சொல்லுங்க. உங்க பெட்டி.

– உங்க பேப்பரு. நீங்க சொல்லுங்க.

– ரெண்டு பேரும் சொல்லுவோம், பிறகு. சார், உங்கட்ட ஒண்ணு பேசணும். ஜீப்ப எடுக்காதீங்க, கொஞ்சம் நிறுத்துங்க.

– சொல்லுங்க மேடம். டீ குடிக்கியளா? அங்கன நல்லா போடுவான்.

– டீ பிறகு. முதலாவது, ஒன்பது வருசமா நான் உங்களத் தப்பா நினைச்சுட்டேன். ரெண்டாவது, அதுக்காக மன்னிப்பு கேட்டுக்கறேன்.

– ஐய, அதெல்லாம் எதுக்கு மேடம். விடுங்க. நமக்குள்ள என்ன.

– இல்ல, கேக்கணும். நீங்க சாதாரணமா அனுப்பின பேப்பரக்கூட நான் வேணும்னே அடியில வச்சிருக்கேன். உங்க லாரிங்கள வெயில்ல நிக்க விட்டிருக்கேன். ஒரு நல்ல மனுசன இப்படிப் படுத்தியிருக்கேனேன்னு நினைச்சா மனசு கேக்க மாட்டேங்குது.

– நல்ல மனுசன்லாம் ஒண்ணுமில்ல மேடம். நானும் உங்க பெட்டிய அடியில வச்சிருக்கேன். அதோட சரியாப் போச்சு, பாத்துக்கிடுங்க.

– பெருந்தன்மையா பேசறீங்க சார். மூணாவது, செல்விக்கு மெமோ. கேட்டுல நிக்கும்போதே ஒரு தாள்ல எழுதிட்டேன், வாசிக்கறேன், கேளுங்க. தொலைபேசிப் பிரிவில் பணிபுரியும் பேச்சிச்செல்வி, பணியில் சேர்ந்த இரண்டாம் நாள், தம் கவனக்குறைவால் தவறான இணைப்பை வழங்கி, அதை ஒன்பது ஆண்டுகள் மறைத்து, இரு பிரிவுகளுக்கிடையே பகையை விளைவித்து...

– பகை எங்க விளைவிச்சா மேடம், அவ மக்ரூன்லா குடுத்தா.

– உங்க மக்ரூன். அதையும் சேத்துருக்கேன். மேலும், பிறர் கூறாத சொற்களைக் கூறியதாகத் தெரிவித்து. இதுல ரெண்டு மேனேஜரும் கையெழுத்து போடணும். ரெண்டு செக்சனும் ஒண்ணாச் சேந்து அனுப்பற முதல் கடிதம் சார் இது. எம்டி சந்தோசப்படுவாரு.

– மேடம், அந்தப் பிள்ள கால்ல கட்டோட கெடக்கு.

– கட்டு மூணு வாரத்துல பிரிச்சுருவாங்க.

– மிசின் வேற வாங்கி வச்சிருக்காவ. இந்த மெமோ போனா, மிசினே போதும், நீ வர வேண்டாம்னு எம்டி சொல்லிருவாரு. அவ வேல போயிரும்.

– தப்பு பண்ணினா போகத்தான் செய்யும். எனக்கு நடந்தது சின்ன விசயமா சார்? பத்துப் பேர் முன்னால.

– சின்ன விசயம்னு சொல்லல. அது பெரிய தப்புதான். எவன் சொன்னாலும் தப்புதான்.

– அப்ப கையெழுத்து போடுங்க. பேனா இருக்கா?

– இருக்கு. இல்ல. பேனா எழுதாது. மேடம், கழுதைக்காக ஒரு ஆளோட வேல போகணுமா?

– கழுதைக்காக இல்ல சார். உண்மைக்காக. உண்மை ரெக்கார்டுல இருக்கணும். நீங்க போடாட்டாலும் பரவாயில்ல, நான் மட்டும் போட்டு நாளைக்குக் காலைல எம்டி மேசையில வச்சுருவேன்.

– வைக்காதீங்க மேடம்.

– ஏன்னு சொல்லுங்க.

– வைக்காதீங்கன்னா வைக்காதீங்க.

– ஒரு காரணம் சொல்லுங்க சார். ஒண்ணே ஒண்ணு. கிழிச்சுப் போட்டுர்றேன்.

– செல்வி வேலைக்குச் சேந்தது ஆகஸ்ட் மாசம். அந்தப் போன் வந்தது மே மாசம். அன்னைக்கு போன் எடுத்தது செல்வி இல்ல, லைனும் மாறல, கழுதையும் கெடையாது. உங்க பேப்பரு வரலன்னு அன்னைக்கு ஒரு கப்பல் போயிட்டு. அந்தக் கோவத்துல நாந்தான் மேடம் சொன்னேன். உங்களுக்குக் கேக்கணும்னேதான் சொன்னேன். அந்தப் பிள்ள எம் பழிய எடுத்துத் தன் தலைல வச்சப்போ வாய மூடிட்டு ஒக்காந்திருந்தேன் பாருங்க, அது அதவிட மோசம். என்ன மன்னிச்சிருங்க.

– தெரியும் சார். செல்விக்கு வேலைக்குச் சேரச் சொல்லி ஆர்டர் டைப் அடிச்சு, தேதி போட்டதே நான்தான்.